சீசன் எப்படி இருக்கு?

தென்காசிப் பக்கம் ஜூன் மாதம் பிறந்துவிட்டால் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான். "சீசன் எப்படி இருக்கு?"

எந்த சீசன் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. சென்னையில் வேலை பார்க்கும் மகன் போனில் கேட்கிறான். துபாயில் இருக்கும் மருமகன் கேட்கிறார். மதுரையில் இருந்து வரும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்கிறார். பதிலும் சின்னதுதான். "நல்லா இருக்கு, சாரல் அடிக்கி." இல்லாவிட்டால், "எங்க அண்ணாச்சி... வெறும் காத்துதான். தண்ணியக் காணோம்."

இந்த உரையாடலில் "சீசன்" என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறு ஒரு தமிழ்ச் சொல்லைப் போட்டுப் பாருங்கள். "பருவம் எப்படி இருக்கு?" என்று கேட்டால் டாக்டர் கேட்பது போல இருக்கிறது :-) "காலம் எப்படி இருக்கு?" என்றால் ஜோசியர் கேட்பது போல ஆகிவிடும். பேச்சில் சீசன் என்றால்தான் சரியாக வருகிறது. பள்ளிக்கூடப் பக்கமே போகாத பாட்டிகள் கூட இந்த வார்த்தையைத் தடுமாறாமல் சொல்கிறார்கள். ஆங்கிலச் சொல் என்ற நினைப்பே அவர்களுக்குக் கிடையாது.

ஒரு இங்கிலீஷ் வார்த்தை இந்த ஊரில் இப்படி வேர்விட்டது எப்படி? அதற்கு இங்கே என்னென்ன அர்த்தம்? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் குற்றாலம்

சீசன் என்றால் அருவியில் தண்ணீர் விழுவது என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போதும் குற்றாலத்தில் தண்ணீர் விழும். சில நாட்களில் சீசனை விட அதிகமாகவே விழும். ஆனால் அதை யாரும் சீசன் என்று சொல்வதில்லை. "மழை வெள்ளம்" என்பார்கள், அவ்வளவுதான்.

சீசனுக்கு மூன்று விஷயம் வேண்டும். மலையில் மழை பெய்ய வேண்டும். ஊரில் சாரல் அடிக்க வேண்டும். நடுநடுவே இளவெயிலும் ஜிலுஜிலு காற்றும் வேண்டும். நனைந்தும் நனையாமலும் ஒரு மாதிரி இருக்கும் அல்லவா, அதுதான் சீசன். தண்ணீர் மட்டும் விழுந்து சாரல் இல்லாவிட்டால் "இது என்ன சீசன்" என்று உள்ளூர்க்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள்.

இது எப்படி நடக்கிறது? தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் முதல் தேதியை ஒட்டி கேரளத்தில் தொடங்கும். மேற்குத் தொடர்ச்சி மலை அந்த மேகங்களைத் தடுத்து, மழையின் பெரும்பகுதியைக் கேரளப் பக்கமே இறக்கிவிடுகிறது. அதனால்தான் தமிழ்நாட்டின் பல மாவட்டங்கள் அந்த நேரத்தில் காய்ந்து கிடக்கின்றன. ஆனால் மலை எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் இல்லை. பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று சில இடங்களில் கணவாய் இருக்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஈரக்காற்று இந்தப் பக்கம் நுழைகிறது. மலைமேல் பெய்யும் மழை சிற்றாறாக இறங்கி அருவியாக விழுகிறது. காற்றோடு தப்பி வரும் பொடித்துளிகள் தென்காசி, செங்கோட்டை, இலஞ்சி, மேலகரம் வரைக்கும் சாரலாகத் தூவுகின்றன. கிழக்கே போகப் போகச் சாரல் குறைந்து வெறும் காற்று மட்டும் மிஞ்சும்.

அந்த வெறும் காற்றுக்கும் ஒரு சீசன் உண்டு. "காற்றாலை சீசன்" என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை. ஒரே காற்றுதான். குற்றாலத்தில் அருவிக்காரர்களுக்கு சீசன், சுரண்டை பக்கம் காற்றாலைக்காரர்களுக்கு சீசன்.

தமிழில் சொல் இல்லையா?

இருக்கிறது. தாராளமாகவே இருக்கிறது. ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்து வைத்தவர்கள் நம் ஆட்கள். ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். பள்ளியில் மனப்பாடம் செய்து ஒரு மார்க் வாங்கியது ஞாபகம் இருக்கும்.

இப்போது குற்றால சீசனை இதில் பொருத்திப் பாருங்கள். சீசன் உச்சத்தில் இருப்பது ஆனி, ஆடி. இலக்கணப்படி அது முதுவேனில். அதாவது கடும் கோடை! மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் அது சரியாக இருக்கலாம். ஆனால் ஐந்தருவியில் பல் கிட்டித்துப் போய் நிற்பவரிடம் "இது முதுவேனில்" என்று சொன்னால் என்ன ஆகும்? :-)

குற்றாலநாதர் கோயில் திருவிழாக்களும் இந்தக் கணக்கில் வருவதில்லை. அங்கே பெரிய திருவிழாக்கள் சித்திரை விசுவும் ஐப்பசி விசுவும். ஒன்று சீசனுக்கு முன்னால், இன்னொன்று பின்னால். ஆக சாமியின் காலண்டரிலும் சீசன் இல்லை, இலக்கணத்தின் காலண்டரிலும் இல்லை. பொதுக் கணக்கில் அடங்காத இரண்டு மூன்று மாதம் இந்த ஊருக்கு மட்டும் இருக்கிறது. அதற்கு ஒரு தனிப்பெயர் தேவைப்பட்டது. அந்தக் காலியிடத்தில் "சீசன்" வந்து உட்கார்ந்துகொண்டது.

"பருவம்" என்ற சொல்லுக்கு அதற்குள் வேறு வேலைகள் வந்துவிட்டன. பருவமழை, பருவநிலை, பருவ வயது... கல்லூரிக்கு வந்தால் பருவத் தேர்வு! செமஸ்டர் அரியர் வைத்திருப்பவர்களுக்குப் பருவம் என்றாலே வயிற்றைக் கலக்கும். ஜாலியாகக் குளிக்கப் போகும் நேரத்துக்கு அந்தப் பெயர் எப்படி ஒட்டும்?

வார்த்தை வந்த வழி

"சீசன்" ஆங்கிலத்துக்கே சொந்தச் சொல் இல்லை. பிரெஞ்சில் இருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சுக்கு அது லத்தீனில் இருந்து வந்தது. லத்தீனில் அதன் மூலச் சொல்லுக்கு அர்த்தம் "விதைத்தல்". விதைப்பது என்பது போய், விதைக்கும் நேரம் ஆனது. அதுவும் போய், எதற்கும் உரிய நேரம் என்று ஆகிவிட்டது.

இதே மாதிரி இன்னொரு சொல்லும் இருக்கிறது. "மான்சூன்" என்கிறோமே, அது அரபியில் "மௌசிம்" என்ற சொல்லில் இருந்து வந்தது. மௌசிம் என்றால் பருவம், சீசன் என்றே பொருள். அரபு வணிகர்களிடம் இருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. இந்தியில் "மௌசம்" என்பதும் அதே சொல்தான். எனவே "மான்சூன் சீசன்" என்று டிவியில் சொன்னால் "சீசன் சீசன்" என்று சொல்வதாகத்தான் அர்த்தம். நடு சென்டர் மாதிரி.

வெள்ளைக்காரர்களுக்கு இந்தியாவின் வெயில் பெரிய பிரச்சினை. வெயில் காலத்தில் மலைக்கு ஓடிவிடுவார்கள். அவர்கள் மலையில் தங்கும் மாதங்களுக்கு "சீசன்" என்று பெயர். ஊட்டியில் ஏப்ரல், மே சீசன் ஆனது இப்படித்தான். அங்கே மலர்க் கண்காட்சி தொடங்கியது 1896ல். குற்றாலமும் கம்பெனி காலத்திலேயே அவர்கள் கண்ணில் பட்டுவிட்டது. ஜாதிக்காய், கிராம்பு என்று வாசனைப் பயிர்த் தோட்டங்களை அங்கே போட்டார்கள். சாரல் நேரத்தில் வந்து தங்கினார்கள்.

அவர்கள் போய்விட்டார்கள். வார்த்தையை விட்டுவிட்டுப் போனார்கள். நம் ஆட்கள் அதை எடுத்து வேறு வேறு வேலைக்கு விட்டுவிட்டார்கள்.

ஒரு சொல், பல வேலை

தென்காசி பஸ் ஸ்டாண்டில் இருந்து செங்கோட்டை வரைக்கும் ஒரு ரவுண்டு போனாலே போதும்.

பழக்கடையில் "இப்போ ரம்புட்டான் சீசன், அடுத்து மங்குஸ்தான்" என்பார்கள். இங்கே சீசன் என்றால் விலை குறையும் நேரம். அதே கடைக்காரர் "சீசன் டைம் அண்ணாச்சி, ரூம் கிடைக்காது" என்று சொன்னால் விலை ஏறும் நேரம். பழம் நிறைய வந்தால் விலை இறங்கும், ஆள் நிறைய வந்தால் விலை ஏறும். இரண்டுக்கும் ஒரே வார்த்தை. எக்னாமிக்ஸ் புத்தகத்தில் இரண்டு பாடமாக வருவது இங்கே ஒரே தெருவில் முடிந்துவிடுகிறது.

ரயில் நிலையத்தில் "சீசன்" என்றால் வேறு. "சீசன் எடுத்தாச்சா?" என்றால் மாதாந்திர டிக்கெட். தினமும் ரயிலில் வேலைக்கும் கல்லூரிக்கும் போய் வருகிறவர்களிடம் இருக்கும். மழைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரு குறிப்பிட்ட காலம் முழுவதும் செல்லும் சீட்டு, அவ்வளவுதான். அதே "சீசன் டிக்கெட்" சென்னையில் டிசம்பர் மாதம் சபா வாசலில் கேட்டால் கச்சேரி வரிசை முழுவதற்குமான டிக்கெட். 1927ல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி இசை மாநாடு நடந்து, 1928ல் மியூசிக் அகாடமி உருவானது. அதற்குப் பிறகு வளர்ந்ததுதான் மார்கழி சீசன்.

செங்கோட்டையை அடுத்த பிரானூர் பார்டருக்குப் போங்கள். பரோட்டா கடைகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அங்கே மர அறுவை மில்களும் நிறைய. மரம் வாங்கப் போனால் கேட்க வேண்டிய கேள்வி "சீசன் ஆன மரமா?" என்பது. வெட்டிய மரத்தில் ஈரம் இருக்கும். அந்தப் பச்சை மரத்தில் கதவு செய்தால் சில மாதங்களில் காய்ந்து சுருங்கும், வளையும், வெடிக்கும். அதனால் காற்றாட அடுக்கி வைத்தோ, சூட்டு அறையில் வைத்தோ ஈரத்தை இறக்குவார்கள். அதுதான் "சீசன் பண்றது". குற்றாலத்தில் சீசன் என்றால் ஈரம். பத்து நிமிட தூரத்தில் பிரானூரில் சீசன் என்றால் ஈரம் போவது!

இது குழப்பம் இல்லை. பழைய பிரெஞ்சில் அந்த வினைச்சொல்லுக்குப் "பழுக்க வைப்பது" என்று ஒரு அர்த்தம் இருந்தது. உரிய காலம் வரை வைத்திருந்தால் காய் பழுக்கும், மரம் பதமாகும். உணவுக்கு உப்பு, காரம் சேர்த்துப் பக்குவம் செய்வதையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால் சொல்கிறார்கள். புது இரும்பு தோசைக்கல்லை எண்ணெய் தடவிச் சூடாக்கித் தயார் செய்வதற்கும் இதே சொல்தான். நம் வீடுகளில் அதற்கு "கல்லைப் பழக்குவது" என்று அருமையான வார்த்தை இருக்கிறது. அனுபவசாலியை ஆங்கிலத்தில் "சீசன் ஆனவர்" என்கிற மாதிரி சொல்வார்கள். நாம் "பழுத்த அரசியல்வாதி" என்கிறோம். இரண்டு மொழியும் ஒன்றை ஒன்று கேட்காமலேயே ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன.

கார்த்திகை பிறந்தால் ஐயப்ப சீசன். 41 நாள் மண்டல காலம், பிறகு ஜனவரி நடுவில் மகரவிளக்கு. செங்கோட்டை, புனலூர் வழியாக சபரிமலை போகிறவர்கள் குற்றாலத்தில் குளித்துவிட்டுப் போகிறார்கள். அதனால் ஜூலையில் பலாப்பழமும் சிப்ஸும் விற்கும் கடைக்கு டிசம்பரிலும் கொஞ்சம் வியாபாரம் நடக்கும். அது இரண்டாவது சீசன்.

இது போக கல்யாண சீசன், காய்ச்சல் சீசன், பரீட்சை சீசன். ஐபிஎல் 2008ல் வந்த பிறகு கிரிக்கெட்டுக்கும் சீசன். 2017ல் தமிழில் பிக் பாஸ் வந்ததில் இருந்து டிவி நிகழ்ச்சிக்கும் சீசன், அதுவும் நம்பர் போட்டு. தென்காசி சிறுவர்களுக்கு "சீசன் 2" என்றால் இப்போது அருவி ஞாபகம் வருமா, டிவி ஞாபகம் வருமா என்பது சந்தேகம்தான்.

சுந்தரபாண்டியபுரத்தில் சீசன்

தென்காசியில் இருந்து சுரண்டை போகிற பக்கம், பத்து கிலோமீட்டருக்குள் சுந்தரபாண்டியபுரம். நெல், காய்கறி, பூ என்று விளையும் ஊர். மேற்கே முழுக்க மலை. 1992ல் வந்த மணிரத்னத்தின் "ரோஜா" படத்தில் கதாநாயகியின் ஊராக இந்தப் பெயரே வந்தது. அதில் இருந்து சினிமாக்காரர்களுக்கு இந்த ஊர் பழக்கமானது. 2005ல் வந்த "அந்நியன்" படப் பாடலுக்காக நடிகர்களின் முகங்களை வரைந்த பாறையும் இந்தப் பக்கம்தான். அந்நியன் பாறை என்றே பெயர் ஆகிவிட்டது.

இந்த ஊருக்கு இப்போது ஒரு புது சீசன் வந்திருக்கிறது. சூரியகாந்தி சீசன்!

ஜூலை, ஆகஸ்டில் வயல் முழுக்க மஞ்சளாகப் பூத்து நிற்கும். கேரளப் பதிவெண் கார்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. குடும்பம் குடும்பமாக இறங்கி போட்டோ எடுக்கிறார்கள். புதுமண ஜோடிகள் பட்டுச் சேலையும் வேட்டியுமாக வரப்பில் நடக்கிறார்கள். குற்றாலத்தில் குளியல், பார்டரில் பரோட்டா, சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி என்று ஒரு நாள் டூர் ஆகிவிட்டது. வழியில் இளநீர், நுங்கு, சோளம் விற்கிறவர்களுக்கும் நாலு காசு.

ஒரு சின்ன யோசனை. சூரியகாந்தி நாள் முழுக்க சூரியனைப் பார்த்துத் திரும்பும் என்பது இளம் செடிக்குத்தான் சரி. நன்றாக விரிந்த பூ கிழக்கே பார்த்து நின்றுவிடும். அதனால் மதியத்துக்கு மேல் மேற்குப் பக்கம் போய் நின்றால் பூவின் முதுகுதான் தெரியும். காலையில் போய், வயலின் கிழக்கே நின்று, மேற்கே பார்த்து எடுக்க வேண்டும். பூ முகம் காட்டும், வெளிச்சம் பூ மேல் விழும், பின்னால் மலையும் வரும்.

சரி, இதே வயலை விவசாயியின் பக்கம் இருந்து பார்ப்போம்.

ஜூலைக் கடைசியில் பூ வேண்டும் என்றால் ஏறத்தாழ இரண்டு மாதம் முன்னால் விதை போட்டிருக்க வேண்டும். அப்போது வயலைப் பார்க்க ஒரு காரும் வராது. பயிரின் மொத்த வயது ஏறக்குறைய 90 முதல் 100 நாள். பூ விரிந்து அழகாக நிற்பது சில நாட்கள் மட்டுமே. நாம் "ஒரு பூ" என்று நினைப்பது உண்மையில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னப் பூக்களின் கூட்டம். தேனீ வந்து மகரந்தம் சேர்த்தால் ஒவ்வொன்றும் ஒரு விதை ஆகும். பிறகு மஞ்சள் இதழ் வாடும். தலை கனத்துத் தொங்கும். பின்பக்கம் பச்சை போய் மஞ்சள் தட்டி, பழுப்பு ஆகும். பார்க்க நன்றாகவே இருக்காது. வண்டிகள் நின்றுவிடும். "சீசன் முடிஞ்சிருச்சு" என்று வந்தவர்கள் திரும்பிப் போவார்கள்.

விவசாயிக்கு அப்போதுதான் சீசன் ஆரம்பம்! கிளிக்கூட்டம் வந்து விதையைக் கொத்தும். காலையும் மாலையும் தகரம் தட்டி, சத்தம் போட்டு விரட்ட வேண்டும். அறுத்து, காய வைத்து, அடித்து, தூற்றி, எடை போட்டு விற்றால்தான் காசு. எண்ணெய் விலையைப் பார்த்துத்தான் அதுவும்.

போட்டோவுக்காக ஒருவர் ஒரு பூவைப் பறித்தால் அவருக்கு அது ஒரு பூ. வயல்காரருக்குப் பல நூறு விதை. வரப்பை விட்டு உள்ளே இறங்கி நான்கு செடியை மிதித்தால் அது நான்கு செடியோடு நிற்காது, பின்னால் வருகிற நாற்பது பேருக்கு அது பாதை ஆகிவிடும். அதனால்தான் சில வயல்களில் உள்ளே வரச் சின்னதாக ஒரு கட்டணம் வாங்குகிறார்கள். "பூவைப் பார்க்கக் காசா?" என்று சிலர் கோபப்படுகிறார்கள். அருவிக்கரையில் கார் நிறுத்தக் காசு கொடுக்கிறவர்கள்தான் அவர்களும். பூ தானாகப் பூக்கவில்லை. விதை, உரம், தண்ணீர், கூலி எல்லாம் போட்டுப் பூத்தது.

சூரியகாந்தி இந்த மண்ணின் பழைய பயிரும் இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடி. இந்தியாவில் எண்ணெய்க்காக அதைப் பயிரிட ஆரம்பித்தது 1969ல், ரஷ்ய ரகங்களைக் கொண்டு. இன்று நாட்டுக்கு வேண்டிய சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி வெளிநாட்டில் இருந்து வருகிறது. 2022ல் உக்ரைன் போர் தொடங்கியதும் மளிகைக் கடையில் எண்ணெய் விலை ஏறியது ஞாபகம் இருக்கும். உள்ளூரில் பயிரிடும் பரப்போ தொண்ணூறுகளில் இருந்ததை விட வெகுவாகச் சுருங்கிவிட்டது. சூரியகாந்தி கட்டுப்படி ஆகாமல் விவசாயி வேறு பயிருக்கு மாறினால், போட்டோ சீசனும் அதோடு போய்விடும். வேடிக்கை பார்க்க வருகிறவர்களின் சீசன், விதைக்கிறவரின் சீசன் மேல்தான் நிற்கிறது.

சீசன் வராத வருடங்கள்

சீசனை நம்பி வாழ்வது லேசான காரியம் இல்லை. குற்றாலத்தில் கடை போடுகிறவர்களும் கார் பார்க்கிங் நடத்துகிறவர்களும் ஏலம் எடுத்துத்தான் தொழில் செய்கிறார்கள். சிலர் வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டுகிறார்கள். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், பொரிகடலை விற்கிறவர், ஆட்டோக்காரர், லாட்ஜில் துணி துவைக்கிறவர், எல்லோருக்கும் மூன்று மாத வருமானத்தில் ஒன்பது மாதத்தை ஓட்டும் கணக்கு. பள்ளிக் கட்டணம் ஜூனில் வருகிறது, சீசன் ஜூலையில் வருகிறது. நடுவில் ஒரு மாதம் கடன்.

ஜூனில் மழை தவறினால் பேப்பரில் "சீசன் டல்" என்று இரண்டே வார்த்தையில் செய்தி வரும். அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் எத்தனை வீடு இருக்கிறது என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்.

2020லும் 2021லும் தண்ணீர் நன்றாகவே விழுந்தது. கொரோனாவால் சீசன் மாதங்களில் குளிக்கத் தடை. ஆள் இல்லாத அருவி தன் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. மழை, சாரல், காற்று எல்லாம் இருந்தும் யாரும் அதை சீசன் என்று சொல்லவில்லை. "இந்த வருஷம் சீசன் இல்ல" என்றுதான் சொன்னார்கள். அப்படியென்றால் சீசன் என்பது வானத்தில் இருந்து மட்டும் வருவது இல்லை. ஆட்களும் வந்தால்தான் சீசன்.

இதற்கு நேர் எதிராக 2024 மே 17. காலண்டர்படி சீசன் இன்னும் தொடங்கவில்லை. மலைமேல் பெய்த கோடை மழையில் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்தது. 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனார். கீழே நிற்பவருக்கு மேலே மழை பெய்வது தெரியாது. தண்ணீர் கலங்கலாக மாறினாலோ, சுள்ளியும் இலையும் அடித்துக்கொண்டு வந்தாலோ, சத்தம் மாறினாலோ, யார் சொல்வதற்கும் காத்திருக்காமல் உடனே வெளியே வந்துவிட வேண்டும். போலீஸ் விசில் ஊதினால் "இன்னும் அஞ்சு நிமிஷம் சார்" என்று கேட்கக் கூடாது. சீசன் என்ற சொல் நமக்கு ஒரு நம்பிக்கையைக் கொடுக்கிறது. இந்த மாதம் இது நடக்கும், இந்த மாதம் நடக்காது என்று. மலைக்கு அந்த வார்த்தை தெரியாது.

கடைசியாக

ஒரே வார்த்தையை எத்தனை பேர் எத்தனை விதமாகச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். குளிக்க வருகிறவருக்கு அது இரண்டு நாள் லீவு. கடைக்காரருக்கு வருட வருமானம். மர மில்காரருக்கு ஈரம் வற்றுவது. ரயிலில் போகிறவருக்குச் சட்டைப்பையில் இருக்கும் சீட்டு. போட்டோ எடுக்க வருகிறவருக்குப் பூ. ஆனால் லத்தீனில் அந்தச் சொல் பிறந்த அர்த்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு இருப்பவர் ஒரே ஒருவர்தான். சுந்தரபாண்டியபுரத்தில் காலையில் விதை போட வயலுக்குப் போகிறவர். அவர் அதை "விதைப்பு" என்றுதான் சொல்வார், அது வேறு விஷயம்.

அடுத்த முறை ஜூலையில் அந்தப் பக்கம் போனால் பூவை நன்றாகப் பாருங்கள், போட்டோவும் எடுங்கள். பறிக்காதீர்கள், வரப்பை விட்டு இறங்காதீர்கள். வயல்காரர் அங்கே நின்றால் "சீசன் எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் பூவைப் பற்றிச் சொல்ல மாட்டார். மழையைப் பற்றியும், கிளியைப் பற்றியும், விதை விலையைப் பற்றியும் சொல்வார். கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு வாருங்கள்.